இடுப்பில் கட்டிய பனியன் துணி

பனியன் கம்பெனியில் வெட்டிய பீஸ்களை வேஸ்ட் துணியால் கட்டும்போது இரண்டு முடிச்சுப் போடுவேன். ஒன்றை நம்ப மனசு வராது.

"பண்டலு ஓடியா போயிரும்?" என்றார் பக்கத்து டேபிள் அக்கா. எனக்குத் தூத்துக்குடி ஞாபகம் வந்துவிட்டது.

பள்ளிக்கூட லீவில் அங்கே அத்தை வீட்டுக்குப் போவோம். அப்பா பை நிறையப் பனியன் வேஸ்ட் கொண்டுபோவார். அத்தை அதை முடிந்து கயிறாக்கி, என் இடுப்பிலும் தன் மகன் இடுப்பிலும் கட்டி அலையில் விடுவார். ஈர மணலில் உட்கார்ந்து மறுமுனைகளைப் பிடித்துக்கொள்வார்.

"நீங்க கடலப் பாருங்க கண்ணு. நான் முடிச்சப் பாத்துக்கறேன்."

அப்பாவுக்கும் அத்தைக்கும் பேச்சு நின்றதோடு அந்த லீவுகளும் நின்றன. நானும் படிப்பை விட்டுக் கம்பெனிக்கு வந்துவிட்டேன். மறுபடி அங்கே போனது போன வாரம்தான், அத்தையின் அஸ்தியைக் கரைக்க.

மச்சான் கலயத்தோடு கடலில் இறங்கப் போனார். என் பையைச் சுற்றிக் கட்டியிருந்த நீளமான பனியன் துணியை அவிழ்த்து நீட்டினேன்.

"இடுப்புல கட்டிக்கோங்க மச்சான்."

"முழங்கால் தண்ணிதான் புள்ள. எங்கம்மாவுக்கு மேல பயப்படுதியே" என்று சிரித்தார். கட்டும்போது அழுதுவிட்டார்.

அவர் கரைத்துவிட்டுத் திரும்பும்வரை நான் கடலைப் பார்க்கவில்லை. மறுமுனையைப் பிடித்தபடி முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன்.