நடுவில் போன அக்கா

தருமபுரியில் அந்த அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வெளியே வந்தபோது அவள் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். எழுபதுகளின் தொடக்கம் அது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கிராம சேவிகா வேலைக்கு நேர்முகத் தேர்வு, இரண்டே இடங்கள். கடத்தூரிலிருந்து அவளுக்குத் துணையாகத் தங்கை நானும் பஸ் ஏறியிருந்தேன்.

அக்காவுக்கு முன்னால் உள்ளே போனவள் சேலத்தில் கல்லூரியில் படித்தவள். அவள் பேசிய இங்கிலீஷும் அதிகாரிகளின் சிரிப்பும் வராந்தா வரை கேட்டன. அக்காவுக்கு அடுத்து உள்ளே போக இருந்தவள் வத்தல்மலை அடிவாரத்துப் பெண் ஒருத்தி. பயத்தில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்றாள். பால் மறந்த பிள்ளைக்கு என்ன கொடுப்பது, எருக்குழி எப்படி வெட்டுவது என்று, காத்திருந்த நேரத்தில் அக்காதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

வேலை அந்த இரண்டு பேருக்கும் கிடைத்தது. நடுவில் போன அக்காவுக்கு இல்லை.

அப்பா திட்டவில்லை. "உனக்கு வாய் பத்தலம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அக்கா அதை அப்படியே நம்பிவிட்டாள். மறுபடி விண்ணப்பம் போடச் சொன்னபோது மாட்டேன் என்றாள். பாலக்கோட்டில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அதன்பின் நாலு பேர் கூடிய இடத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. மகனின் வாத்தியாரைப் பார்க்கக்கூட மாமாவைத்தான் அனுப்புவாள்.

சில வருஷம் கழித்து நான் டைப்பிஸ்ட்டாக இருந்த ஆபீசுக்கு, அன்று தேர்வு செய்தவர்களில் ஒருவரே மேலதிகாரியாக வந்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது ஆள் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. கடத்தூர்ப் பெண் ஒருத்தி நன்றாகவே பதில் சொன்னாள், ஆனால் சேலத்துப் பெண் பேசிவிட்டுப் போன சூட்டில் அவள் சொன்னது எதுவும் எடுபடவில்லை என்றார். "அடுத்து வந்த பொண்ணு சுமார்தாங்க. இவளுக்கப்புறம் பார்த்ததுல தேவலைன்னு தோணிருச்சு. முறை மாறியிருந்தா கடத்தூர்ப் பொண்ணுக்குத்தான் கெடச்சிருக்கும். மார்க் போட்டாச்சு, யாரு திரும்பக் கூப்புடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் அக்கா என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்படிங்களா" என்றார். அவ்வளவுதான். எனக்கு வயதாகிவிட்டது; அந்த ஒரு வார்த்தை இன்னும் கசக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்மேல் கோபப்படுவாள், தான் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணையாவது ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் நல்லாத்தான் பதில் சொன்னனா?"

ஆமாம் என்றேன். அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.