காப்பி கொடுக்கும் வெள்ளைக்காரி

எங்கள் அப்பாவுக்கு ஒரு நாளும் காப்பி சரியாக இருந்ததில்லை. ஒரு நாள் அது பாயசம், மறுநாள் கழனித் தண்ணி. சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்துவிட்டது என்பார். ஆற்றிக் கொடுத்தால் நேற்றுப் போட்டதா என்று கேட்பார். டம்ளர் கூடத்துக்கும் சமையலறைக்கும் ஒரு நடையாவது போய்வந்தால்தான் அவருக்குத் திருப்தி. அம்மா எதிர்த்துப் பேசமாட்டாள். எடுத்துப் போய், அதே காப்பியை இன்னொரு முறை ஆற்றிக் கொண்டுவந்து வைப்பாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காப்பி" என்பார்.

நான் நான்காவது படிக்கும்போது ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினோம். உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கிரகப்பிரவேசத்துக்கு அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கண்ணாடிச் சட்டம் போட்ட மூன்று பெரிய படங்களோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். சென்னையில் கடைகளுக்கு உள் அலங்காரம் செய்யும் வேலை அவருக்கு. ஏதோ ஒரு காப்பிக் கடை தன் சுவரை மாற்றியபோது கழித்துப் போட்ட படங்கள் அவை. போட்டோ அச்சிடத் தெரியாத காலத்தில், லண்டன் பத்திரிகைகள் கொலை, கொள்ளைச் செய்திகளுக்கு ஆள் வைத்துப் படம் வரைந்து போட்டிருக்கின்றன. அதையெல்லாம் இப்போது பெரிதாக அச்சடித்து அழகுக்கு மாட்டுகிறார்களாம். மாமா அப்பாவிடம் இவ்வளவு விளக்கவில்லை. "லண்டன் பேப்பர்ல வந்த பழைய படம் மாமா. மெட்ராஸ்ல இப்ப இதான் ஃபேஷன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

முதல் படத்தில் ஒரு திருடன் மூட்டையோடு சுவர் ஏறிக் குதிக்க, நாலு போலீஸ்காரர்கள் துரத்தினார்கள். மோட்டார் வயர் திருடுபவன் பார்த்துத் திருந்தட்டும் என்று அப்பா அதைக் கழனியில் மோட்டார் கொட்டகைக் கதவில் அடித்துவிட்டார். இரண்டாவதில் திரைக்குப் பின்னால் ஒருவன் கத்தியோடு நின்றான். புது வீட்டில் கத்தி வேண்டாமென்று அது மாமாவோடு திரும்பிப் போனது. மூன்றாவதுதான் குடும்பப் படம். சாய்வு நாற்காலியில் மீசை வைத்த துரை ஒருவர் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கிறார். கழுத்துவரை பொத்தான் போட்ட அவர் மனைவி, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் கோப்பையை நீட்டுகிறாள்.

மாட்டுவதற்கு முன்னால் அம்மா அந்தப் படத்தை மட்டும் சமையலறைக்குக் கொண்டுபோய், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று மாமாவிடம் கேட்டாள். தண்ணீர் குடிக்கப் போன நான், மாமா குனிந்து ஏதோ சொல்வதையும் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வதையும் பார்த்தேன். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். பிறகு அவளே ஆணி எடுத்துக் கொடுத்து, கூடத்தில் அப்பாவின் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டச் சொன்னாள்.

அப்பாவுக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. காப்பி வரும்போதெல்லாம் அதைக் காட்டி, "பாரு, எப்டி பணிவா குடுக்குது பாரு" என்பார். அம்மாவும் நின்று பார்த்து, "ஆமா, நல்லா குடுக்குது" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமலிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. வந்ததும் படத்தைத்தான் பார்த்தாள்.

"யாருடா இவங்க?"

"லண்டன்காரங்கக்கா. வெள்ளைக்காரியே புருஷனுக்கு இன்னா மரியாத குடுக்கிறா பாரு. இங்கயும்தான் கீறாங்களே."

அம்மா இருவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அப்பாவுக்கு அன்று இன்னொரு பெருமையும் காட்ட வேண்டியிருந்தது. நான் வேனில் போய் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறேன் அல்லவா. "பாப்பா, கீழ இன்னா போட்டுக்கீதுன்னு அத்தைக்குப் படிச்சிக் காட்டு" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்தார்.

நாற்காலி மேல் ஏறி நின்றேன். வளைந்து வளைந்து எழுதிய நீளமான சொற்கள். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மட்டும் கொட்டை எழுத்தில் ஒரு சொல். அது எனக்குத் தெரியும்.

"பி, ஓ, ஐ, எஸ், ஓ, என். பாய்சன்."

"அப்டின்னா?" என்றாள் அத்தை.

"நம்ம மோட்டார் கொட்டாயில பூச்சி மருந்து டப்பா கீதே, அதுல போட்டுக்கும் அத்தை. மண்டை ஓட்டுக்குக் கீழ."

அப்பா வாயில் இருந்த காப்பியை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அத்தை படத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், தன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு அம்மாவைக் கேட்டாள்.

"இன்னாம்மா இது?"

"எனக்கு இன்னா இங்கிலீஷா தெரியும் அண்ணி. தம்பி குடுத்துச்சி, மாட்டனேன்" என்றாள் அம்மா. அப்பா பக்கம் திரும்பி, "ஆறிப்போச்சா? எடுத்தும் போயி வேற போட்டுக்கினு வரட்டா?" என்று கேட்டாள்.

அப்பா அவசரமாக விழுங்கினார். "வேணாம், வேணாம். நல்லாத்தான் கீது."

எனக்கு விவரம் தெரிந்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அத்தை போனதும் படத்தைக் கழற்றச் சொன்னார். புதுச் சுவரில் ஓட்டை தெரியும் என்றாள் அம்மா. நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் வெள்ளைக்காரி நிற்பது இன்னும் மோசமாக இருந்தது போலும், அடிக்கடி திரும்பிக்கொண்டே குடித்தார். மூன்றாம் நாள் காலையில் சமையலறைக்கே வந்துவிட்டார். கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வந்தாராம். மறுநாள் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தார். அதற்குப் பிறகு காரணம் எதுவும் சொல்லவில்லை. மேடையோரம் சாய்ந்து நின்று, பால் வைப்பதிலிருந்து சர்க்கரை போடுவதுவரை பார்ப்பார். ஒரு நாள் சர்க்கரையை அவரே போட்டார். டம்ளர் திரும்பி வருவது நின்றுபோயிற்று.

அவர் நிஜமாகவே பயந்தாரா, அக்கா முன்னால் வெட்கப்பட்டதை இப்படி மறைத்தாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் வெறுமனே எவ்வளவு நேரம் நிற்க முடியும்? மதகு திறக்கிற தகராறு, யார் நிலத்து நெல்லில் புகையான் பூச்சி விழுந்தது, அத்தை கல்யாணத்தில் பந்திச் சோறு தீர்ந்துபோனது என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டே கேட்பாள். பல சமயம் அம்மா சிரிக்கும் சத்தம் கூடம்வரை கேட்கும்.

இதனால் எனக்குத்தான் கஷ்டம். பால் காய்ந்தால்தான் என் டிபன் அடுப்பில் ஏறும். வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் பொறுக்காமல் உள்ளே போய்ப் பார்த்தேன். அடுப்பில் தீ இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. அப்பா ஏதோ கதையின் நடுவில் இருந்தார். அம்மாவுக்கு உதவுகிறேன் என்று எட்டித் தீயைப் பெரிதாக்கினேன்.

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே கையை நீட்டி, தீயைப் பழையபடி குறைத்தாள். இந்தத் தீயில் பால் எப்போது காய்ந்து, நான் எப்போது பள்ளிக்கூடம் போவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.