மெத்தைக்குப் பின்னால் ஒரு பாடகர்

பகவதிப்பெருமாள் சாவியை நீட்டுவார், ஆனால் விடமாட்டார். அறை கேட்டு வந்தவர் ஒரு முனையை இழுத்துக்கொண்டிருக்க, இவர் மறுமுனையைப் பிடித்தபடி, "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்பார். பெருமூச்சோடு ஆமாம் என்றால் சாவி விடுபடும். பொன்முடி மலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்றால் அவருக்குச் சுவாரசியம் போய்விடும். மாடிப்படியை மோவாயால் காட்டுவார். பெருமூச்சு கிடைத்த நாளில் மேசைக்கடியில் குனிந்து, கைபேசியில் ஒரு மெட்டை முனகிப் பதிவு செய்துகொள்வார்.

திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அது சம்பளத்துக்கு. உண்மையில் அவர் ஸோல் பாடகர்; அமெரிக்கக் கறுப்பர்கள் நெஞ்சுருகப் பாடும் அந்த ஸோல். எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது, பதிவு செய்வது, யூடியூபில் ஏற்றுவது எல்லாம் அவரே. கேட்பதும் பெரும்பாலும் அவரே. மைத்துனர்கள் பாட்டு தொடங்குமுன்பே இதயம் ஒன்றைப் போட்டுவிட்டு வெளியேறிவிடுகிறார்கள்.

"ஸோலுக்கு ராகம் வேண்டாம் சாரே. வேதனை வேணும். கேட்டியளா?" என்பார், லாட்ஜில் மாத வாடகைக்குத் தங்கியிருக்கும் என்னிடம்.

வேதனைதான் கிடைக்கவில்லை. ஸ்ரீவராகத்தில் காற்றோட்டமான வாடகை வீடு, பள்ளியில் வேலை பார்க்கும் மனைவி, எதையும் ஜீரணிக்கும் வயிறு. பட்டினியைப் பற்றிய பாட்டை ஓண விருந்து முடித்து, வேட்டியைத் தளர்த்திக்கொண்டு எழுதினார். அநாதையைப் பற்றிய பாட்டின் நடுவே அம்மா போன் செய்து, "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டதால் மறுபடி பாட வேண்டியதாயிற்று.

லாட்ஜ் வாசலில் ஆட்டோ போடும் ராகேஷ் மட்டும் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டான்.

"கொள்ளாம், நல்லாருக்கு அண்ணாச்சி. ஆரு மரிச்சது?"

"ஆரும் மரிக்கல்லடே. இது உள்ளுக்குள்ள உள்ளது."

"அப்போ டாக்டரைக் காணிக்கணும்."

குரல் நல்ல குரல். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கனத்த குரல், கீழே இறங்கும்போது ஆற்று மணலில் கால் வைத்ததுபோல் கொஞ்சம் நொறுங்கும். அந்தக் குரலுக்குப் பாட ஒன்றும் இல்லாமல் இருந்தது.

பதிவுக்கூடம் படுக்கையறைதான். ஜன்னலில் லாட்ஜின் பெயர் அச்சடித்த பழைய கம்பளிகள். தெரு இரைச்சல் வரும் பக்கம் கட்டில் மெத்தையை நிமிர்த்திச் சுவராக நிறுத்தியிருந்தார். மழைக்காலத்துக்கு முன் நிறுத்தியது, மழை முடிந்தும் இறங்கவில்லை. அவருக்கென்ன, லாட்ஜில் காலி அறை உண்டு. மனைவி திவ்யலட்சுமி ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள். முதுகு பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சொல்லிவிட்டாள்:

"நான் தரையில கெடக்கேன். உங்க பாட்டு மெத்தையில கெடக்கு. இனி அதையே கட்டிக்கிடுங்க. எனக்குப் போதும், மதியாச்சு."

நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

அந்த வாரமே அவர் ஒரு பாட்டு எழுதினார்.

*நீ ஏறிப்போன பஸ்ஸு திரும்பி வந்திருச்சு*
*கண்டக்டருக்கு உன் முகம் ஞாபகமில்ல*
*வாசலுக்குத் தாழ் போடல, வா...*

என்னைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டினார். முதல்முறையாக அந்தக் குரல் நொறுங்குவதற்கு ஒரு காரணம் இருந்தது. அவரும் அதைக் கண்டுபிடித்துவிட்டார். வந்தது வினை.

நான் பக்கத்தில் இருக்கும்போதே அவள் போன் செய்தாள். "மெத்தையை எறக்கியாச்சா? ஞாயித்துக்கெழம வரட்டா?"

"அவசரம் ஒண்ணுமில்ல லெட்சுமி. முதுகு நல்லாகட்டும்" என்றார், அவ்வளவு கரிசனத்தோடு. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரெண்டாம் சரணம் பாக்கி கெடக்கு சாரே. இப்ப அவ வந்தாள்னா எல்லாம் போயிரும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி கேட்காமலே வந்துவிட்டாள். ஒருவர் எதிரே இருந்தால்தான் குரல் உருகும் என்று என்னைக் கட்டில் பலகையில் உட்காரவைத்துப் பாடிக்கொண்டிருந்தார். அழைப்பு மணியின் ஒயர் கழற்றப்பட்டிருந்ததால் அவள் கதவைத் தட்டினாள். ஹெட்போனுக்குள் இருந்த அவருக்குக் கேட்கவில்லை. நான் எழுந்துபோய்த் தாழை நீக்கித் திறந்தேன்.

பையைப் படியில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அந்தப் பாட்டை அவள் கேட்டதில்லை. கண்டக்டர் வரி வந்தபோது முகம் இளகியது.

"என்னப் பத்தியா எழுதியிருக்காவ?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் தலையாட்டினேன். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பாட்டு நின்றது. ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பகவதிப்பெருமாள் வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார்; உண்மையான சந்தோஷம். திறந்திருந்த கதவு வழியே ஒரு ஸ்கூட்டரின் உறுமல் உள்ளே வந்தது. சிரிப்பு மாறாமலே விரலை உயர்த்தி, இன்னும் ஒரே ஒரு தடவை என்று அவளுக்குக் காட்டினார். பிறகு அவளைப் படியில் நிறுத்தி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை ஓசைப்படாமல் மெல்லத் தள்ளினார்.