பெயரைப் பார்த்து மூடினோம்

கடைகளுக்குப் புரோகிராம் எழுதும் தொழிலில், ஒன்றை ஓட வைப்பது சுலபம். ஓடுவதைத் தேடிப் பிடித்து மூடுவதுதான் உயிரை வாங்கும். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஒன்பது தட்டு

பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி மொத்தக் கடை. கம்ப்யூட்டர் நகரவே மாட்டேனென்கிறது என்று போன். போய்ப் பார்த்தால் எங்கள் புரோகிராம் ஒரே நேரத்தில் ஒன்பது பிரதியாக ஓடுகிறது. திறக்கப் பத்து நொடி ஆகும். அதுவரை பொறுக்காமல் கடைக்கார அண்ணாச்சி ஐகானைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு தடவை தட்டினால் போதும் என்றேன்.

"வீட்டுக் கதவ ஒருக்கா தட்டி ஆள் வரலேன்னா, நீங்க திரும்பிப் போயிருவியளாம்மா?" என்றார்.

இரண்டு வரி

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். தங்குகிறவர்கள் பட்டியலை எக்செல்லில் போட்டு அச்சடித்துத் தரும் புரோகிராம் எழுதினேன். அச்சடித்த பிறகும் அந்த எக்செல் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. எக்செல் என்ற பெயரில் ஓடுவதையெல்லாம் மூடிவிடச் சொன்னார் தென்காசியிலுள்ள என் முதலாளி. வேண்டாம் சார், நாம் திறந்த எக்செல்லுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் எண்ணைக் குறித்துவைத்து அதை மட்டும் மூடலாம், இரண்டு வரிதான் கூடும் என்று மன்றாடினேன். கேட்கவில்லை. நானும் அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கோபம் என் மேலேயே இன்னும் இருக்கிறது.

"சீசன் ஆரம்பிச்சாச்சு, ரெண்டு வரிக்கெல்லாம் நேரமில்ல" என்றார் முதலாளி.

ஒரு ரூம், மூன்று குடும்பம்

லாட்ஜ் மேனேஜர் போனில் வரும் புக்கிங்கை எல்லாம் தனியாக ஒரு எக்செல்லில் ஏற்றி வந்தார். சீசன் முடியும்வரை அதை மூடவே மாட்டார், அதனால் சேமிக்கவும் மாட்டார். தானாகச் சேமிக்கும் வசதியையும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். எங்கள் புரோகிராமைப் போட்ட மறுநாள், சனிக்கிழமை காலையில், பட்டியலை அச்சடித்தார். நான் எழுதிய புரோகிராம் அவருடைய எக்செல்லையும் சேர்த்து மூடியது, சேமிக்காத புக்கிங் அத்தனையும் போனது. ஞாபகத்தை வைத்து அவர் ரூம் கொடுக்க, மதியத்துக்குள் மூன்று குடும்பங்கள் ஈரத்துணியோடு ஒரே ரூம் வாசலில் சண்டை போட்டன. மேனேஜர்தான் எதையோ அழித்துவிட்டார் என்று லாட்ஜ் உரிமையாளர் அவரை வேலையை விட்டே போகச் சொன்னார்.

லாட்ஜுக்குப் போய்ப் பார்த்த என்னிடம், வைரஸ் என்று சொல்லிவிட்டு வா என்றார் போனில் என் முதலாளி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக உரிமையாளரிடம் போய், தப்பு எங்கள் புரோகிராமில், இவர் மேல் இல்லை என்றேன். மேனேஜருக்கு வேலை தங்கியது. அவர் நன்றி எல்லாம் சொல்லவில்லை.

"அத்தனையும் மூடத் தெரியுது, இது யாருதுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையாம்மா உங்களுக்கு?" என்றார்.

அன்று சாயங்காலமே அந்த இரண்டு வரியை எழுதிச் சேர்த்துவிட்டேன், எழுத நாலு நிமிஷம் ஆனது.