அலசாத துணி

முதலில் ஒரு வெதுவெதுப்பு. தொடைக்கடியில், யாரோ சுடுதண்ணீர் டம்ளரைத் தவறவிட்டதுபோல. பிரசவம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னலில் முற்பகல் வெயில். வெளியே உத்திரமேரூர் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் மகன். எல்லாம் நகர்ந்துகொண்டிருந்தது. என்னிலிருந்தும் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தொன்று. மூத்தவள் ஏனாத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். வார்டில் அதற்கே ஒரு சிரிப்பு இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டேன்.

தாங்க முடியாதது பாராட்டாக வந்தது. நர்ஸ் கெட்டவர் அல்ல, வலி வந்தபோது என் முதுகைத் தேய்த்துவிட்டவர் அவர்தான். கேஸ் ஷீட்டைப் புரட்டினார். முகவரியில் காலனி என்றிருந்தது. "வயல்ல நிக்கிற உடம்பு. உங்களுக்கெல்லாம் இரும்பும்மா" என்றார். நான் வயலில் நின்றதே இல்லை, தையல் மிஷின் முன்னால் குனிந்தே வளைந்தவள். ஆனாலும் சிரித்தேன். யாருக்குத்தான் பிடிக்காது?

"சிஸ்டர், நெறைய போவுது."

"புள்ள பெத்தா போவாம இன்னா? படும்மா."

இரண்டாவது தடவை, "தல சுத்துது சிஸ்டர்."

"நாஷ்டா துன்னல இல்ல, அதான்."

மூன்றாவது தடவை, திரும்பாமலே கையமர்த்தினார். எதிர்க் கட்டிலில் ஊர்த்தெருப் பெண் ஒருத்தி முனகினாள். மெலிந்த கைகள். அவளிடம் ஓடினார். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, அவளுக்கும் வலித்தது.

எங்கள் பக்கமும் ஒரு தவறு இருந்தது. தவறு என்று சொல்லலாமா, தெரியவில்லை. துணைக்கு வந்தவள் என் நாத்தனார் வள்ளி. வீட்டிலிருந்து எடுத்துவந்த பழைய சேலைத் துணிகளை எனக்கு வைப்பாள். நனைந்ததும் உருவிக்கொண்டு ஓடி, குழாயில் அலசிவிடுவாள். கறையோடு ஒரு துணி கிடந்தால் 'இவங்க இப்படித்தான்' என்று பேச்சு வரும். தன் பிரசவத்தில் அவள் வாங்கிய பேச்சு அது. அதனால் நர்ஸ் எட்டிப் பார்த்தபோதெல்லாம் எனக்கடியில் சுத்தமான துணியே இருந்தது. என் ரத்தம் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது.

விரல்கள் சில்லிட்டன. வள்ளி என் உதட்டைப் பார்த்தாள். அடுத்த துணியை அவள் அலசவில்லை. அதற்கடுத்ததையும். பக்கெட்டில் போட்டு எடுத்துப்போய் நர்ஸின் மேஜைமேல் வைத்தாள்.

"இன்னாம்மா இது, ரிஜிஸ்டர் மேல!"

"உங்க இரும்பு உருகிக்கினு கீது சிஸ்டர். நல்லா பாருங்க. இதுக்கு முன்னால எட்டுத் துணிய நானே அலசித் தொலச்சிட்டேன், பாவி."

டாக்டர் ஓடிவந்தார். சின்ன வயசுக்காரர். குழந்தையை எடைபோடும் தராசில் துணிகளைப் போடச் சொன்னார். காய்ந்த துணியின் எடையைக் கழித்து, அலசிப்போனதையும் உத்தேசமாகச் சேர்த்தால், என் மகனின் எடையில் பாதி என்னைவிட்டுப் போயிருந்தது. கருப்பைத் தளர்ச்சி (பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காமல், ரத்தக் குழாய்கள் திறந்தே கிடப்பது) என்றார். வயிற்றைப் பிசைந்தார்கள். ஊசி போட்டார்கள். காஞ்சிபுரத்துக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். "திருப்புலிவனம் கோயில் தாண்டிட்டோம், கண்ண மூடாத" என்றாள் வள்ளி. நினைவு தப்பித் தப்பி வந்ததில், மறுபடி மறுபடி அதையே தாண்டிக்கொண்டிருந்தோம்.

யாரோ தந்த ரத்தம் ஏறியது. பிழைத்தேன். வாரக்கணக்கில், இரண்டு படி ஏறினாலே இதயம் காதுக்குள் வந்து அடித்தது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துணியை அலசாதீர்கள். காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தால் கத்துங்கள். துணைக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆறாவது வாரம் செக்கப்புக்குப் போனேன். அதே நர்ஸ். குழந்தையைத் தூக்கிப் பார்த்தார், திருப்பித் தந்தார். "இப்ப எந்தத் தெருவா இருந்தாலும் தராசுல வெச்சிட்டுத்தான் துணிய அலச வுடறேன்" என்றார். கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டே கேட்டார், "அன்னிக்கு எப்படிச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்?"

"மூணு தபா சொன்னேன் சிஸ்டர்."

அவர் கை கழுவி வந்தார். என்னைப் படுக்கவைத்து அடிவயிற்றை அமுக்கினார். "வலிக்குதா?"

"இல்ல."

கையை எடுக்கவில்லை. அடுத்தவளைக் கூப்பிடவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நீளமான நேரத்தை அதற்குமுன் யாரும் எனக்குத் தந்ததில்லை. அந்த நேரத்துக்குள் நானே என் உடம்பில் இறங்கித் தேட வேண்டியிருந்தது.

"கீது சிஸ்டர்" என்றேன். "எடது பக்கம். தொட்டா."

எழுதிக்கொண்டார்.

இப்போது அந்த வலி இல்லை. ஆனாலும் தைத்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று மிஷினை நிறுத்திவிட்டு அந்த இடத்தை அமுக்கிப் பார்க்கிறேன். உள்ளிருந்து பதில் வரும்வரை ஊசி நின்றுகொண்டிருக்கிறது.