தூங்குவதற்காக ஆபீஸ் போன நாட்கள்

கொரோனா ஓய்ந்த பிறகு எங்கள் கம்பெனி, வியட்நாமில் இருக்கும் சைகோன் ஆபீஸில் பாதி இடத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டது. செருப்பு, ஷூ ஏற்றுமதி செய்கிற கம்பெனி. தலைமையகம் சென்னையில். ஊர் நடுவில் பென்தான் என்கிற பெரிய சந்தைக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் எங்கள் கிளை. மேஜைகள் குறைந்துபோனதால், வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று உத்தரவு வந்தது.

சென்னையில் இதே உத்தரவு போட்டபோது ஆபீஸ் நாளில்கூட ஆள் வரவில்லையாம். வெள்ளிக்கிழமை பிரியாணி போட்டுப் பார்த்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் கிளையில் நிலைமை தலைகீழ். வீட்டு நாளிலும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நின்றார்கள்.

காரணம் தூக்கம். இந்த ஊர் ஆபீஸ்களில் மத்தியானம் சாப்பிட்டதும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, டிபன் பாக்ஸும் கையுமாக இருட்டில் நின்றேன். அப்போது என் கையைப் பிடித்து, ஒரு மடக்குப் பாயையும் நாய்க்குட்டி வடிவத் தலையணையையும் கொடுத்துப் படுக்க வைத்தவர் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இங்கே மூத்த பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. 'அக்கா' என்பதற்கு இவர்கள் மொழியில் 'ச்சி' என்று சொல்ல வேண்டும். நம் வாயில் அது எப்படி ஒலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதம் முழுக்க அந்த நல்ல மனுஷியைப் பார்த்து "ச்சி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்குள் எனக்கு நாக்கு கூசும். பிறகு பழகிவிட்டது.

இடம் பாதியானதும் யாரும் மேஜைக்குச் சண்டை போடவில்லை. மேஜைக்கு அடியில் படுக்கும் இடத்துக்குத்தான் போட்டி. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்காத மூலைகள் கொஞ்சம்தான். யாருக்கு எந்த மூலை என்று ச்சிதான் பிரித்துக் கொடுப்பார். மறுபேச்சு கிடையாது.

எனக்குத் தாவோ தியென் என்கிற பகுதியில் சின்ன வாடகை வீடு. அங்கே மெத்தை இருக்கிறது, திரைச்சீலை இருக்கிறது. ஆனால் வீட்டு நாளில் மத்தியானம் கண்ணே மூடாது. பக்கத்தில் ஆறு பேர் தூங்கினால்தான் எனக்கும் தூக்கம் வரும் என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

சென்னை மேனேஜருக்கு எங்கள் வருகைக் கணக்கைப் பார்த்து ஆச்சரியம். எல்லாக் கிளைகளையும் கூட்டி, "சைகோன்ல என்ன பண்றாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்" என்று காலை பதினோரு மணிக்கு ஒரு ஆன்லைன் மீட்டிங் வைத்தார். அவருக்குப் பதினொன்று என்றால் எங்களுக்குப் பன்னிரண்டரை. எங்கள் கிளை சார்பில் நான்தான் பேச வேண்டும்.

விளக்கு அணைந்திருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். பக்கத்து மேஜைக்கு அடியில் ச்சி.

"சொல்லும்மா, உங்க ரகசியம் என்ன?" என்றார் மேனேஜர்.

நான் கிசுகிசுத்தேன். "டீம் நல்ல டீம் சார்."

"ஏன் குரல் இப்படி இருக்கு? உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார்."

"பின்னாடி ஏதோ மெஷின் ஓடுதே?"

மெஷின் இல்லை. குறட்டை. நான் எட்டிக் கையை நீட்டினேன், ச்சியின் தோள் எட்டவில்லை. இதற்குள் மேனேஜர் உற்சாகமாக மற்றவர்களிடம் பேச ஆரம்பித்திருந்தார். "பாருங்க, தலைமைன்னா முன்னுதாரணமா இருக்கணும். என்னையே எடுத்துக்கங்க. வாரத்துல அஞ்சு நாளும் நான் ஆபீஸ் வரேன்..."

"ச்சீ," என்றேன். குறட்டை நிற்கவில்லை. "ச்சீ! ச்சீ!"

மைக்கை அணைக்க மறந்தது அப்போதுதான் உறைத்தது.

"என்ன சொன்னீங்க?" என்றார் மேனேஜர். 'ம்மா' போய்விட்டது.

"உங்களைச் சொல்லல சார். ச்சின்னா அக்கா."

"யாரோட அக்கா?"

"என் அக்கா சார். அதாவது, அக்கவுண்ட்ஸ்ல இருக்காங்க..."

"சொந்த அக்காவையா வேலைக்கு எடுத்திருக்கீங்க?"

"ஐயோ, இல்ல சார்!"

"முதல்ல கேமராவை ஆன் பண்ணுங்க."

பண்ணினேன். வெளிச்சம் வேண்டி லேப்டாப்பை நடைபாதைப் பக்கம் திருப்பினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. அரை இருட்டில், ஒவ்வொரு மேஜைக்கு அடியிலிருந்தும் இரண்டிரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கோயம்புத்தூர் கிளைக்காரர் அலறினார்: "சார், கேஸ் லீக் ஆயிடுச்சு போல! ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க!"

பதற்றத்தில் இயர்போன் கழன்று, அந்த அலறல் இங்கே அறை முழுக்கக் கேட்டது. ச்சி விழித்துக்கொண்டார். கண்பட்டையை நெற்றிக்கு ஏற்றி, திரையில் தெரிந்த மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். அவர் யார் என்று ச்சிக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்!" என்றார்.

மேனேஜர் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். "சரி சரி, தூங்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்," என்று அவரும் கிசுகிசுத்துவிட்டு மீட்டிங்கை முடித்தார்.

எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். ச்சி சாயங்காலம் என்னை இழுத்துக்கொண்டு த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனார். இந்த ஊர்க்காரர்கள் வழக்கப்படி சுவரில் நெற்றியை ஒட்டி, அவர் மொழியில் ஏதோ நீளமாக முணுமுணுத்தார். "உங்க ஊர் அம்மன்தானே, நீயே சொல்லேன்" என்றார். நானும் அதே சுவரில் நெற்றியை ஒட்டினேன்.

வேலை போகவில்லை. மறுவாரம் மேனேஜரே போன் செய்து, யார் எப்போது விளக்கை அணைப்பது, எவ்வளவு நேரம் என்று விவரமாக விசாரித்தார். சென்னையிலும் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துப் பார்த்தார்களாம். ஒருத்தரும் தூங்கவில்லை. அத்தனை பேரும் இருட்டில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் டீக்கடைக்கு இறங்கிவிட்டார்கள்.

"அப்ப திட்டம் தோல்விதானா சார்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குத் தோல்வி," என்றார். "நான் கேபின்ல நாலரை வரைக்கும் தூங்கிட்டேன்மா. எழுப்ப ஒருத்தனுக்கும் தைரியம் வரல." சொல்லும்போது குரலில் கொஞ்சம்கூட வெட்கமில்லை. "அந்தப் பாய் எங்க கிடைக்கும்? ஒண்ணு வாங்கி அனுப்பும்மா."