தரை தெரியாத செருப்பு

பேகம்பூர்ச் சந்துகளில் இடியாப்பம் விற்ற சைனம்பு, தலைக்கூடையைக் கையால் பிடித்து யாரும் பார்த்ததில்லை. தலையில் சும்மாடு, அதன்மேல் மூங்கில் கூடை, கையில் தேங்காய்ப்பால் தூக்கு. மழையில் சேறான தெருவிலும், சாக்கடைமேல் போட்ட ஒற்றைக் கல்லிலும் வெறுங்காலோடு நேராக நடந்து போவாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு மகன் நூர் முகமதுவை அந்த நடையில்தான் வளர்த்து ஆளாக்கினாள்.

அவன் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாகி, நர்கீஸைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் அவள் கூடையை இறக்கவில்லை. ஆனால் அறுபதை ஒட்டியபோது குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்துவிட்டன. பாதமும் அவ்வப்போது மரத்துப்போனது. காலையில் எழுந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவரைப் பிடிப்பாள். மகனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷப் பெருநாளுக்கு, நல்ல ஆட்டுத்தோல் கொடுத்து, உள்ளே தடிமனாக ரப்பர் பஞ்சு வைத்து, ஒரு ஜோடி செருப்பு தைத்து வாங்கிவந்தான். தன் கையாலேயே மாட்டிவிட்டான்.

"எப்படிம்மா இருக்கு?"

"மெத்துமெத்துன்னு இருக்குப்பா. ஆனா கீழ தரை இருக்கா இல்லையான்னே தெரியலயே."

"போட்டு நடந்தா பழகிரும்மா."

பழகவில்லை. கல் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதை அதுவரை பாதம் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த அந்த உணர்வையும் பஞ்சு மூடிவிட்டது. இப்போது குனிந்து பார்த்து அடிவைக்க வேண்டியிருந்தது. குனிந்தால் கூடை சரிந்தது. கழற்றிப் போட்டால் மகன் முகம் வாடியது. அதனால் போட்டுக்கொண்டே போனாள். ஒருநாள் காலை அதே சாக்கடைக் கல்லில் கால் பிசகி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் காலில் கனம் கட்டி மாதக்கணக்கில் படுக்கவைத்தார்கள். "வயசாச்சு, விழத்தான் செய்வாங்க" என்றார் டாக்டர். பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆரிபாவும் அதையே சொன்னாள்.

"வயசு இல்ல ஆரிபா, அந்தச் செருப்புதான் என்னயத் தள்ளிவிட்டுச்சு."

"செருப்பு எங்கயாச்சும் ஆளத் தள்ளுமா மாமி?" என்று ஆரிபா சிரித்தாள்.

எலும்பு கூடியபோது இடது கால் குட்டையாகிவிட்டது. ஈடுகட்ட, இடது பக்கம் உயரமாக இன்னொரு ஜோடி தைக்க ஏற்பாடு செய்தான் நூர் முகமது.

"உசரமா வேணும்னா இருக்கட்டும்ப்பா. உள்ள அந்தப் பஞ்சு மட்டும் வேணாம். மெல்லிசா ஒத்தத் தோலு போதும்."

"ஒடிஞ்ச காலும்மா. கட்டாந்தரை குத்துனா எப்படித் தாங்கும்? நான் உனக்குக் கெடுதலா செய்வேன்?"

முன்னைவிட அதிகமாகவே பஞ்சு வைத்துக் கொண்டுவந்தான். அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நர்கீஸின் தோளைப் பிடித்து நடக்கப் பழகினாள். பிடியை விட்ட முதல் நாளே விழுந்தாள். அதே இடுப்பு. இந்தமுறை எலும்பு கூடவில்லை. கட்டிலே கதியானது.

வருஷம் ஒன்று போயிருக்கும். ஒரு மத்தியானம் மகனைக் கூப்பிட்டாள்.

"என்னய ஒருதரம் வெறுங்காலோட நிறுத்துங்க. செத்த நேரம் போதும்."

நூர் முகமது ஒரு பக்கமும் நர்கீஸ் ஒரு பக்கமும் அணைத்துத் தூக்கி நிறுத்தினார்கள். சிறுமலைப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசிய நாள். சிமெண்டுத் தரை சில்லிட்டுக் கிடந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"தரையில வச்சிட்டீகளா?"

"வச்சாச்சும்மா. தரையிலதான் நிக்கிறே."

அவள் கண்ணைத் திறந்து, யாருடையதோ போலத் தன் பாதங்களைப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலயேப்பா" என்றாள்.

அப்போதுதான் நூர் முகமதுவுக்கு அவள் இத்தனை நாளும் சொன்னது புரிந்தது. "ஒத்தத் தோல்ல தைக்கச் சொல்றேம்மா. நாளைக்கே தைக்கச் சொல்றேன்" என்று அழுதான்.

"இனி எதுக்குப்பா. படுக்க வையி."

அடுத்த மழைக்காலம் வரை உயிரோடிருந்தாள். தன்னை நிறுத்தச் சொல்லி அதன்பின் கேட்கவில்லை. மாலையில் வேலை முடிந்து வந்ததும் வெந்நீரில் துணி நனைத்து நூர் முகமது அவள் பாதங்களைத் துடைத்துவிடுவான். சூடு தெரிகிறதா என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.